வீட்டில் ஒரு கேதம்: முதல்முறை முன்னால் நிற்பவர்களுக்கு

எத்தனையோ கேதத்துக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். மாலை போட்டிருக்கிறேன், பந்தலில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்திருக்கிறேன். எங்கள் அப்பத்தா இறந்த அன்றுதான் முதல்முறையாக நாலு பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்து, "தம்பி, எத்தனை மணிக்கு எடுக்குறோம்?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

அப்படி நிற்கப்போகிறவர்களுக்காக இது. மதுரைக்குக் கிழக்கே எங்கள் பக்கத்து வழக்கத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். ஜமாஅத்தோ பங்குக் கோயிலோ உள்ளவர்களுக்கு வழிநடத்த ஆள் வந்துவிடுவார்கள். மற்ற வீடுகளில்தான் ஆளுக்கொரு பேச்சு.

முதல் படி: ஊருக்குச் சொல்லும் முன்

முக்கியமான முடிவுகளை எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில், வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பங்காளிகள் வந்து சேர்ந்தபிறகு முடிவு உங்கள் கையில் இருக்காது.

முதலில் மருத்துவர். வீட்டில் இறந்தால், அவரைப் பார்த்துவந்த மருத்துவரை அழைத்து இறப்புக்கான காரணம் எழுதிய சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். மின்மயானத்தில் முதலில் கேட்பது அதைத்தான். விபத்து, தற்கொலை, கீழே விழுந்து அடிபட்டது, ஏதோ சந்தேகம் என்றால் போலீஸுக்குச் சொல்லாமல் எடுக்கவே கூடாது. "எதுக்குத் தம்பி வம்பு, சட்டுன்னு முடிச்சிருவோம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள்.

அடுத்தது கண். கண்தானம் என்றால் இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 104க்குப் போன் செய்தால் அருகில் உள்ள கண் வங்கிக்கு வழி சொல்வார்கள். வீட்டுக்கே வந்து எடுத்துப்போவார்கள். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இறந்தவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை, வீட்டார் சம்மதம் போதும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர் எல்லோருமே கொடுக்கலாம். அப்பத்தாவுக்கு எடுத்தபோது, முகம் விகாரமாகிவிடும் என்று பயந்துகொண்டிருந்த பெரியப்பா, முடிந்ததும் கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "தூங்குறாப்லதான்டா இருக்கா" என்றார்.

உடல் தானம் என்றால் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு இயல் துறையுடன் பேச வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த உடலை அங்கே வாங்க மாட்டார்கள். யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், உயிரோடு இருக்கும்போதே பதிந்து வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

இரண்டாம் படி: உடல்

சில மணி நேரத்தில் உடல் விறைக்க ஆரம்பித்துவிடும். வாய்க்கட்டு, கால் கட்டைவிரல் கட்டு எல்லாம் அதற்குமுன் செய்ய வேண்டியவை. சடங்கு போலத் தெரிந்தாலும் வேலை அதுதான்: வாய் திறந்துகொள்ளாமல், கால் விலகாமல் இருக்க. கை காலை நேராக நீட்டிவிட்டு, மோதிரம், தோடு, மூக்குத்தியைக் கழற்றி ஒரு ஆளிடம் மட்டும் கொடுத்து வையுங்கள். (எங்கள் வீட்டில் மூன்று பேரிடம் போனது. அது தனிக் கதை.)

வெளியூர்ப் பிள்ளைகள் வர வேண்டுமென்றால் ஐஸ் பெட்டி. கொண்டுவந்து வைப்பவரிடம் கரண்ட் போனால் என்ன வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. வாசலில் நிற்கும் தனியார் வண்டியிடம் பேரம் பேசும் முன் இதற்கு அடித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: எரிப்பதா, புதைப்பதா

"நம்ம வழக்கம் எரிக்கிறதுதான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் சண்டை போட வேண்டாம்; ஆனால் தமிழருக்கு ஒரே வழி என்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆதிச்சநல்லூரில் தாழி தாழியாகப் புதைத்திருக்கிறார்கள். மணிமேகலை ஐந்து வழிகளைச் சொல்கிறது: சுடுவது, வெறுமனே இட்டுவிட்டு வருவது, குழி தோண்டிப் படுக்கவைப்பது, பள்ளத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது. பெரியாரை 1973 டிசம்பரில் சென்னை பெரியார் திடலில் புதைத்தார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: போனவர் என்ன சொல்லிவிட்டுப் போனார்? ஒன்றும் சொல்லவில்லையென்றால் குடும்ப வழக்கம், இடவசதி இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள். மின்மயானம், எரிவாயு மயானம் என்றால் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். இறந்தவரின் ஆதார் நகலையும் எடுத்துப்போங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சூட்டில் அது வெடிக்கும். எடுத்தபிறகுதான் எரிக்க முடியும்.

நான்காம் படி: எந்தச் சடங்கை வைத்துக்கொள்வது

எல்லாவற்றையும் செய்யவும் வேண்டாம், எல்லாவற்றையும் தள்ளவும் வேண்டாம். கைபட்டுச் செய்கிறவற்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி.

நீர்மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் பேரன்களும் பங்காளிகளும் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய்க் குளித்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து, தலைக்குமேல் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தபடி, சங்கும் சேகண்டியும் முன்னால் போக நடந்து வர வேண்டும். எங்கள் கண்மாய் வற்றிக் கிடந்தது. பஞ்சாயத்துக் குழாயடியில்தான் பிடித்தோம். எனக்குச் சின்ன வயதில் அதே குழாயடியில் தலைக்கு ஊற்றிவிட்டவள் அப்பத்தா. அந்தத் தண்ணீரை அவள் காலில் ஊற்றினபோதுதான் எனக்கு அழுகை வந்தது, அதுவரை வரவில்லை.

அப்புறம் பிறந்த வீட்டுக் கோடி. பொம்பளைக்கு அண்ணன் தம்பி வீட்டிலிருந்து கடைசிச் சேலை வந்தாக வேண்டும். அப்பத்தாவின் தம்பி, எண்பது வயதுக்காரர், சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். வாய்க்கரிசி எல்லோரும் போடலாம். அவசரப்படுத்தும் ஆளை ஓரமாக நிறுத்திவிட்டு, பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் வரிசையில் விடுங்கள்.

கொள்ளிக்குடம் சுடுகாட்டில். குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று. சுற்றுக்கு ஒரு ஓட்டை. பின்பு திரும்பிப் பார்க்காமல் உடைப்பது. கொள்ளி யார் வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் தகராறு வரும். மகள் வைக்கக் கூடாது, பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. மகள் கேட்டால் கொடுங்கள். அதையும் முதல் மணி நேரத்திலேயே பேசி வைத்துவிடுங்கள். பாடைத் தேரைத் தூக்கும்போது பேசக் கூடாது.

விட்டுவிட வேண்டியது என்று நான் தயங்காமல் சொல்வது ஒன்று உண்டு: புருஷனை இழந்தவளுக்குப் பூவைப் பறித்து, வளையலை உடைப்பது. சித்தப்பா கருமாதிக்கு முந்தின ராத்திரி, விடியும் முன், சித்தியை நடுவீட்டில் உட்காரவைத்துக் கை நிறைய வளையல் போட்டார்கள், உடைப்பதற்காகவே. எங்கள் அத்தை எழுந்துபோய் அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அவ அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் ஊராட்சி இந்த வழக்கத்தை நிறுத்த 2022 மே மாதம் தீர்மானமே போட்டது. நம் வீட்டில் நிறுத்தத் தீர்மானம் வேண்டாம், ஒரு அத்தை போதும்.

இன்னொன்று. பறை அடிப்பவர், முடி எடுப்பவர், வெட்டியான் வேலை பார்ப்பவர் எல்லோருக்கும் கூலியை முதலிலேயே பேசி, மரியாதையாகக் கையில் கொடுங்கள். சில்லறையை எறிவது, வயதானவரை "வாடா போடா" என்பது எல்லாம் வழக்கமில்லை, திமிர்.

சடங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்குப் படத்திறப்பு வைக்கலாம். பேச்சாளர்களைக் கூப்பிடாதீர்கள். அவர் கடன் வாங்கின பலசரக்குக் கடைக்காரரைப் பேசச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: மறுநாளும் பதினாறும்

காடாற்று, அதாவது சுடுகாட்டுக்குப் போய்ச் சாம்பலை ஆற்றிப் பால் தெளிப்பது, பெரும்பாலும் மறுநாளே. சாம்பலைக் கரைக்க எல்லோரும் ராமேஸ்வரம் ஓட வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் திருப்புவனம் வைகைக்கரைக்குப் போவார்கள். அங்கே கொண்டுவந்த எலும்பு பூவாக மாறியது என்று ஒரு கதை உண்டு. கருமாதியை 16ஆம் நாள் வைக்கலாம். லீவு இல்லையென்று முன்னால் வைப்பவர்களும் இருக்கிறார்கள், குற்றமில்லை. கடன் வாங்கிக் கறிச்சோறு போடுவதுதான் குற்றம்.

ஆறாம் படி: காகிதம்

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை நடை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும் பதிவார்கள். மருத்துவமனையில் இறந்தால் தகவலை அவர்களே அனுப்புவார்கள். எந்த ஊரில் வாழ்ந்தார் என்பது கணக்கில்லை, எந்த ஊரில் உயிர் போனதோ அங்கேதான் பதிவு.

பெயரை எழுதித் தரும்போது ஆதார், பேங்க் பாஸ்புக், பட்டா மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பத்தா பெயரில் ஆதாரில் ஒரு "ம்" கூடுதலாக இருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக அவளுடைய பதினோராயிரம் ரூபாயை எடுக்க நாங்கள் நாலு மாதம் பேங்குக்கு நடந்தோம்.