பாவித்த லைஃப் ஜக்கெற்றைக் கிணற்றில் இறக்கிப் பாருங்கள்

வள்ளத்துக்குப் பாவித்த லைஃப் ஜக்கெற் வாங்குவதென்றால், காசைக் கொடுக்கும் முன் அதன் பட்டியில் 11 கிலோ இரும்புப் படிக்கல்லைத் தொங்கவிட்டு, தோட்டக் கிணற்றில் ஓர் இரவு இறக்கி விடுங்கள். விடிந்த பிறகும் மிதந்தால் வாங்கலாம். கயிற்றின் மறுமுனையைக் கப்பித் தூணில் கட்டிவிடுங்கள், படிக்கல் சந்தையில் இரவல் வாங்கியதாகத்தானே இருக்கும்! கல் அடியில் முட்டக் கூடாது, அதனால் கிணற்றடித் தொட்டி சரிவராது.

லேபிளில் 100 நியூட்டன் என்றிருந்தால் அது தண்ணீரில் ஏறக்குறைய 10 கிலோவைத் தாங்க வேண்டும். தண்ணீருக்குள் இரும்பின் எடை எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதுதான் 11 கிலோ கணக்கு. 50 நியூட்டன் என்றால் ஐந்தரைக் கிலோ போதும். ஆட்கள் மேலே உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கியிருக்கும், வெளித்துணியோ புதிதுபோலவே பளபளக்கும். கையால் அமுக்கிப் பார்த்தால் இது பிடிபடாது.

காஸ் சிலிண்டரால் ஊதும் வகைக்கு இந்த வழி உதவாது. பட்டித் தையல் விட்டிருந்தால் கிணறு வரை போகவே வேண்டாம்.