தொப்பூர் மேட்டில் கொதித்த கார்

பத்து வருடம் ஓடிய செடான் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். வாங்கிய இரண்டாவது மாதம், சேலத்திலிருந்து தர்மபுரி திரும்பும்போது தொப்பூர் கணவாய் மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகத்தில் பீய்ச்சிவிடும். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

மறுநாள் வீட்டில் ஏசியைப் போட்டுப் பார்த்தேன். ஏசி போட்டால் ரேடியேட்டர் ஃபேனும் சுற்ற வேண்டும், சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. அடுத்த சந்தேகம் ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். என் காரில் ஹாரன் ரிலேயும் அதே வகைதான். அதைக் கழற்றி ஃபேன் ரிலே இடத்தில் செருகியதும் விர்ரென்று சுற்றியது. புது ரிலே 280 ரூபாய். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். மேட்டில் ஊரும்போதுதான் ஃபேன் ஓடாதது தெரியும்.

சரி, மூடியையும் திறந்து பார்ப்போம் என்று திறந்தால், உள்ளே செம்மண் கரைத்தது போலத் தண்ணீர், விளிம்பெல்லாம் வெள்ளைப் படிவு. முன்பு வைத்திருந்தவர் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படிந்துவிடும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் என்ன ஆகும்? உள்ளே கழுவி, கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றி, கூலண்ட் நிரப்ப 3,400 ரூபாய் ஆனது. அந்தச் சூட்டில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) தப்பியதே பெரிய நிம்மதி.

போன வாரம் அதே மேடு, அதே லாரிகள். முள் பாதியைத் தாண்டவில்லை.