பெயின்ட் அடிக்கும் முன்: மலையகத்து மொரிஸ் மைனர்களின் வரலாற்றைக் காப்பது எப்படி

மொரிஸ் கம்பனி இன்று இல்லை. வில்லியம் மொரிஸ் 1913இல் ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கௌலியில் கார் கட்டத் தொடங்கினார். 1952இல் ஒஸ்டின் கார் கம்பனியோடு சேர்ந்து அது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) ஆனது, 1968இல் பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது, 1980களில் மொரிஸ் என்ற பெயரே கார்களிலிருந்து மறைந்தது. பழைய தொழிற்சாலையின் பெரும்பகுதியை 1990களில் இடித்துவிட்டார்கள். ஆனால் அங்கே கட்டிய மைனர் என்ற சிறிய கார்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் இன்னும் ஓடுகின்றன. ஓடாதவை பங்களா ஷெட்டிலோ லயத்துக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழேயோ நிற்கின்றன.

இப்போது அவற்றுக்கு நல்ல கிராக்கி. வாங்குகிறவர் முதல் வேலையாக டிங்கரிங் பாஸிடம் (தகர வேலை மேஸ்திரியிடம்) விட்டு, அடித்தகரம் தெரியச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துவிடுகிறார். கார் எப்போது கட்டப்பட்டது, எந்த நிறத்தில் கப்பலேறியது, இங்கே யார் யார் கையில் இருந்தது என்பதற்கான அடையாளங்களும் அந்தச் சுரண்டலோடு போய்விடுகின்றன. காரைப் புதுப்பியுங்கள், தாராளமாகப் புதுப்பியுங்கள். கராஜுக்கு விடும் முன் ஒரு சனி ஞாயிறை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். என் அப்பா திம்புள்ளை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் (தோட்ட மேலாளரின்) டிரைவர். இங்கே எழுதுவதில் பாதி அவரிடம் கற்றது, மீதி அவருக்குப் பிறகு பல ஷெட்டுகளில் டோர்ச்சோடு குனிந்து பார்த்தது.

முதலில் தகடு. பொனட்டைத் தூக்கினால் இஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்பில் காரின் எண் பொறித்து, ரிவெட் அடித்த ஒரு சிறு தகடு இருக்கும். வயர் பிரஷ், சாண்ட் பேப்பர் இரண்டையும் அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் மெதுவாக ஒற்றித் துடைத்தால் போதும். பிறகு ஷெட்டை இருட்டாக்கி, டோர்ச்சைத் தகட்டுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துக்கூட நிழல் விழுந்து எழுந்து நிற்கும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள்.

அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்தால் அதுவே பாதிக் கதை. 1952 தொடங்கிச் சில வருடங்கள் வந்த மைனர்களில் எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். முதலெழுத்து எஃப் என்றால் மைனர். இரண்டாவது எழுத்து பொடியின் (காரின் வெளிக்கூட்டின்) வகையையும் மூன்றாவது நிறத்தையும் சொல்லும். மூன்றாவது ஏ என்றால் கறுப்பு. அதற்கடுத்த இலக்கம் 2 என்றால், வலப்பக்க ஸ்டியரிங்கோடு வெளிநாட்டுக்கென்று கட்டிய கார். நம் ஊர்க் கார் ஒன்றில் அங்கே 1 இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். இங்கிலாந்தில் விற்கக் கட்டிய கார் அது, யாரோ தன்னோடு கொண்டுவந்திருக்கிறார். 1950களின் கடைசியிலிருந்து முறை மாறியது: எம் என்றால் மொரிஸ், ஏ என்றால் இஞ்சின் வகை, பிறகு 2எஸ் என்றால் இரண்டு கதவு, 4எஸ் என்றால் நான்கு கதவு.

இஞ்சின் எண் வேறு இடத்தில், டைனமோவைப் பிடித்திருக்கும் பிரெக்கெட்டுக்கு மேலே பிளொக்கில் இருக்கும். முதல் மைனர்களுக்கு 918 சிசி. அப்புறம் 803, 1956இல் 948, 1962இல் 1098. இங்கே இஞ்சின் மாற்றாத மைனரைக் காண்பது அரிது. கார் இறக்குமதி இறுகிப்போன 1970களில் ஒரு காரின் இஞ்சின் இன்னொன்றுக்குப் போய்த்தான் இரண்டில் ஒன்றாவது ஓடியது. ஆகவே இஞ்சின் எண் பொருந்தவில்லையே என்று முகம் சுளிக்காதீர்கள். எப்போது, எந்தக் கராஜில், எந்தக் காரிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். கௌலியில் இல்லாத பக்கம் அது, இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

சிறு உறுப்புகளையும் விடாதீர்கள். லூக்காஸ் டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டரின் உடம்பில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடியின் முத்திரையில் எழுத்துகளோடு உள்ள சிறு புள்ளிகளின் இடம், கண்ணாடி வார்த்த வருடத்தைக் காட்டும். தகடு தொலைந்துபோன காருக்கு இவைதான் துணை.

அடுத்து பொடி. 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்பு, அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார். அப்படிப் பார்க்கத்தான் அவருக்கு வடிவம் பிடித்தது. அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டதால், முதல் கார்களின் பம்பரை நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். பொனட்டின் நடுவே தட்டையாக ஓடும் பட்டையும் அந்த நான்கு அங்குலம்தான். கிரில்லுக்குள் தாழ்ந்த லைட்டும் நடுவில் ஒட்டுப்போட்ட பம்பரும் உள்ள மைனர் உங்கள் ஊரில் இருந்தால், அந்தப் பம்பரை ‘உடைந்து ஒட்டியது’ என்று நினைத்துக் கழற்றி வீசவிடாதீர்கள்.

பெயின்டுக்கு ஒரே விதி: எங்காவது கையகல இடத்தைத் தொடாமல் விடுங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே, கதவின் உள்ளட்டைக்குப் பின்னால், டிக்கிக்குள் ஸ்டெப்னிக்கு அடியில் முதல் நிறம் அப்படியே இருக்கும். பாஸிடம் சொல்லும்போது வாயால் சொல்வதோடு நிற்காமல், அந்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டிக் காட்டிவிடுங்கள்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு, இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதலாம். எஞ்சியிருக்கும் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறார்கள். கட்டிய தேதி, அனுப்பிய தேதி, முதல் நிறம், சீட்டின் நிறம், எங்கே அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் வரும். தகட்டின் போட்டோ தெளிவாக இருந்தால் வேலை சுலபம்.

கார் புத்தகம், பழைய பில்கள், பாகப் பட்டியல் இவற்றுக்கு நம் மலையில் ஈரம்தான் எதிரி. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம். ஊவாப் பக்கம் அப்போது மழை விட்டிருக்காது, நடு ஆண்டுதான் சரி. அந்த மாதங்களில் எடுத்து நிழலில் காற்றாட விட்டு, ஸ்கேன் செய்யுங்கள். லெமினேட் செய்யவே வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வராது. செலோடேப்பும் வேண்டாம். பழைய நம்பர் பிளேட்டைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்துப் பிளேட்டும், தமிழர்கள் எதிர்த்துப் போராடிய அந்த ஸ்ரீ பிளேட்டும் இரண்டுமே ஆவணம்.

இனி ஆட்கள். இதைத்தான் முதலில் செய்யுங்கள், ஏனென்றால் தகடு காத்திருக்கும். பழைய டிரைவர், கராஜ் பாஸ், தோட்டத்து ஃபிட்டர் யாரிடமும் “எந்த வருஷம்?” என்று தொடங்காதீர்கள். “ஐயா, அப்போது எந்தத் துரை இருந்தார்?” என்று கேளுங்கள். துரை மாறியது, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஆட்கள் இந்தியாவுக்குப் போனது, தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, எண்பத்துமூன்று கலவரம்: நம் பெரியவர்கள் காலத்தை இப்படித்தான் எண்ணுகிறார்கள். வருடத்தை நீங்கள் பிறகு கணக்குப் போடலாம். முடிந்தால் அவரைக் காரின் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பழைய ஸ்பேனரையோ எஸ்.யூ. காபரேட்டரையோ கையில் கொடுங்கள். என் அப்பாவிடம் காபரேட்டரைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தைதான் வரும். அதையே கையில் கொடுத்தால், பிஸ்டனை விரலால் தூக்கி விட்டு, ‘டக்’ என்று விழும் சத்தத்தைக் கேட்டு, மூடுபனிக் காலையில் எப்படி ஸ்டார்ட் பண்ணினார், ரதல்லை ஏற்றத்தில் எந்தக் கியரில் போனார் என்று மதியச் சாப்பாடு வரை சொல்லுவார். போனில் ரெக்கோர்ட் செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. அன்றிரவே பெயர்களையும் ஊர்களையும் எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் போனவர்களை மறக்காதீர்கள். நல்ல ஃபிட்டர்கள் பலர் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் போய்விட்டார்கள். துரையின் காருக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவும் அவர்களோடு டிரங்குப் பெட்டியில் போய்விட்டது. அங்கே சொந்தக்காரர் இல்லாத தோட்டம் இங்கே இல்லை. ஒரு வாட்ஸ்அப் போதும்: “மாமா, வீட்டில் பழைய கார் போட்டோ இருக்கிறதா? பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் பிடித்து அனுப்புங்கள்.” ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயரிடும் முறை வையுங்கள்: காரின் எண், ஊர், எடுத்த தேதி. ஒரு பிரதி காரோடு போகட்டும். விற்றாலும் புதியவர் கையில் கொடுங்கள். இன்னொன்று வீட்டில். மூன்றாவதை, இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். போட்டோவின் பின்னால் பெயர் எழுதும்போது மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை நம் ஈரத்துக்கு முன்பக்கம் ஊறி வந்துவிடும்.