ஐ.எஸ்.எஸ்.என். எண் இருந்தால் ஆய்விதழ் ஆகிவிடுமா?

ஆய்வேட்டின் வரைவு கைக்கு வந்தால் முன்னுரைக்குப் போகமாட்டேன். பின்னாலிருந்து துணைநூற்பட்டியலைத்தான் முதலில் புரட்டுவேன். பாதி வண்டவாளம் அங்கேயே தெரிந்துவிடும். ஞாயிறு இணைப்பில் வந்த துணுக்கும் வருடக்கணக்கில் தோண்டி எழுதிய அகழாய்வு அறிக்கையும் அகரவரிசைப்படி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதில் அடிக்கடி பார்க்கும் தவறு, தோற்றத்தை வைத்து எடை போடுவது. அடிக்குறிப்பு இருக்கிறதா, பெயருக்கு முன்னால் 'முனைவர்' இருக்கிறதா, நடை கரடுமுரடாக இருக்கிறதா? சரி, ஆய்வு நூல்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வண்ண அட்டை, விளம்பரம் என்றால் வெகுஜன இதழ், தள்ளிவிடலாம்.

இந்த அளவுகோல் எப்படிக் காலை வாரும் என்பதற்கு ஹரப்பாக் குதிரையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டோம் என்று ஜா, ராஜாராம் என்ற இருவர் 2000-ல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். பார்வைக்குக் கனமான ஆய்வு நூல். சிந்துவெளியில் குதிரை இருந்ததற்குச் சான்றாக அதில் ஒரு முத்திரைப் படமும் இருந்தது. ஹார்வர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த மைக்கேல் விட்சலும் ஆய்வாளர் ஸ்டீவ் ஃபார்மரும் அந்த முத்திரையின் மூலப் படங்களைத் தேடிப்போனார்கள். அது உடைந்த முத்திரை. விலங்கின் முன்பாதியே அதில் இல்லை. மிச்சமிருந்த பின்பாதியை மற்ற முத்திரைகளோடு வைத்துப் பார்த்தால், சிந்துவெளியில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும் அதே ஒற்றைக்கொம்பு விலங்குதான். நூலில் குதிரையாகத் தெரிந்தது, கணினியில் 'மெருகேற்றிய' மங்கலான படம்.

அந்த மறுப்பு வந்த இடம்தான் வேடிக்கை. சென்னையிலிருந்து வரும் 'ஃப்ரண்ட்லைன்' பத்திரிகையின் 2000 அக்டோபர் இதழ், அதாவது கடையில் காசு கொடுத்து வாங்கும் பத்திரிகை. அடுத்த மாதம் சிந்துவெளி எழுத்தையே ஆராய்ந்துவந்த ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பார்ப்போலாவும் அதிலேயே கருத்து எழுதினார்கள். தோற்றத்தை நம்பும் மாணவர் நூலைப் பட்டியலில் சேர்த்து, பத்திரிகையைத் தள்ளியிருப்பார். விட்சலும் ஃபார்மரும் எந்த முத்திரை, எந்தப் படம் என்று சொல்லித்தான் வாதம் செய்தார்கள். நாமே போய்ச் சரிபார்க்கலாம். அதற்காக அந்தப் பத்திரிகையில் வருவதெல்லாம் ஆய்வுக்கட்டுரை ஆகிவிடாது. யார் எழுதினார், எதை வைத்து எழுதினார் என்று ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

அப்புறம் இந்த ஐ.எஸ்.எஸ்.என். மோகம். அது தொடர்ந்து வெளிவரும் இதழ்களுக்குத் தரும் எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். சினிமா மாத இதழும் வாங்கலாம், சமையல் இதழும் வாங்கலாம். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏற்கப்பட்ட இதழ்கள் என்று வெளியிடும் பட்டியல்களும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். பல்கலைக்கழக மானியக் குழு தானே ஏற்றிருந்த இதழ்களில் 4,305-ஐ 2018 மே மாதம் ஒரே மூச்சில் நீக்கியது. பின்னர் அதுவே கொண்டுவந்த 'கேர்' என்ற இதழ்ப் பட்டியலையும் 2025-ல் கைவிட்டுவிட்டது.

பட்டியலுக்குப் பதிலாகக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பாருங்கள். பல ஆய்விதழ்களில் தலைப்புக்குக் கீழேயோ பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் தேதிகள் இருக்கும்: வந்து சேர்ந்த நாள், திருத்தி அனுப்பிய நாள், ஏற்றுக்கொண்ட நாள். இடையில் சில மாதங்கள் ஓடியிருந்தால், துறை தெரிந்த யாரோ படித்துக் கேள்வி கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். திங்கட்கிழமை வந்து வியாழக்கிழமை ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தால், பணம் கட்டிய ரசீதைத் தவிர வேறெதையும் யாரும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 2013-ல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், பிழைகளை வேண்டுமென்றே நுழைத்த ஒரு போலிக் கட்டுரையைக் எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்கள் 304-க்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

இதழின் பெயரை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் ஆய்வுக்கட்டுரையும் உண்டு, செய்தியாளர் எழுதும் செய்தியும் உண்டு. 'நேச்சரில் வந்தது' என்றால் எந்தப் பகுதியில் என்று கேட்க வேண்டும்.

தமிழ்த் துறைகளில் ஊறிப்போன தவறு வேறு ஒன்று. அறிஞர் எழுதியது என்பதால் என்றைக்கும் செல்லும் என்று நினைப்பது. லெமூர் இனம் மடகாஸ்கரிலும் அதன் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று விளக்க, 1864-ல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர் கடலில் மூழ்கிய நிலப்பரப்பு ஒன்றைக் கற்பனை செய்து லெமூரியா என்று பெயரிட்டார். அன்றைக்கு அது கௌரவமான கருதுகோள். கண்டங்களே நகர்கின்றன என்பது 1960-களில் உறுதியானதும் அதற்குத் தேவையில்லாமல் போனது. குமரிக்கண்டத்துக்கு அறிவியல் சான்று என்று இன்றும் ஸ்க்லேட்டரைக் காட்டுகிறார்கள். கருத்து வரலாறு எழுதுபவர் அவரைக் காட்டலாம், நிலவியல் பேசுபவர் காட்டக்கூடாது.

கீழடி பற்றி எழுதுபவர்கள் செய்தித் தலைப்பைச் சான்றாகக் காட்டுவதும் சகஜம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது, தமிழிலேயே படிக்கலாம். காலம் கணிக்க அமெரிக்க ஆய்வகத்துக்குப் போன கரிம மாதிரிகள் ஆறு என்பதும், கி.மு. 580 என்ற காலம் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரே ஒரு மாதிரிக்கு உரியது என்பதும் அதில்தான் தெரியும். 'கீழடியின் வயது 2,600' என்ற தலைப்பில் ஆழமும் இருக்காது, எண்ணிக்கையும் இருக்காது. கீழடியைப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்பதே உங்கள் தலைப்பு என்றால் மட்டும் கதை வேறு. அங்கே அந்தத் தலைப்புச் செய்திதான் உங்கள் முதன்மைச் சான்று. தேதி, பதிப்பு, பக்க எண்ணோடு தாராளமாகச் சேருங்கள்.