எந்தக் கடனை முதலில் கட்டுவது? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வந்து இறங்கி ஆறு மாதம் ஆகியிருக்காது, யாராவது ஒருவர் "எப்ப வீடு வாங்கப் போறியள்?" என்று கேட்பார். பெரும்பாலும் ஏதாவது பிறந்தநாள் விழாவில், கையில் ரோல்ஸ் தட்டோடு நிற்கும்போது கேட்பார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நானும் மனைவியும் 2004இல் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியேறியபோது எங்களிடம் மூன்று சூட்கேஸும் நான்கு கடனும் இருந்தன. வீடு வாங்கியது 2010இல். 25 வருடத்துக்கு என்று போட்ட வீட்டுக் கடனை, அதாவது மோர்ட்கேஜை, 2024இல், பதினாலாவது வருடத்தில், கட்டி முடித்தோம். நான் வங்கிக்காரன் இல்லை, பார்சல் கிடங்கில் வேலை பார்த்தவன். எப்படிக் கட்டினோம், எங்கே சறுக்கினோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த நான்கு கடன். பயணத்துக்காக மாமாவிடம் வாங்கிய கைமாற்று, ஊரில் அடைவு வைத்த மனைவியின் நகை, வந்ததும் எடுத்த கிரெடிட் கார்ட், பழைய கார் ஒன்றின் தவணை. மனைவி ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று எழுதினார். வட்டி என்ற நிரலை நிரப்பும்போதுதான் எங்களுக்கே விளங்கியது. பெரிய தொகை மாமாவுடையது. ஆனால் அதற்கு வட்டி இல்லை. கார்டில் 4,200 டொலர்தான். ஆனால் வட்டி 19.99 வீதம். மாதம் 100 டொலர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, "கடன் குறையுது" என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதில் 70 டொலர் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது.

ஆகவே வட்டி கூடியதை முதலில் அடியுங்கள். மற்றவற்றுக்குக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிவிட்டு, மிஞ்சும் ஒவ்வொரு டொலரையும் அதற்கே போடுங்கள். இப்போது கார்ட் பில்லிலேயே, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் முடிய எத்தனை வருடம் எத்தனை மாதம் ஆகும் என்று அச்சடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். யாரும் வாசிப்பதில்லை. ஒருமுறை வாசியுங்கள், அன்று இரவு நித்திரை வராது. கார்டிலிருந்து காசாக எடுக்கவே எடுக்காதீர்கள். அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பிளாசாக்களில் மஞ்சள் போர்டு போட்டு, சம்பளம் வரும்வரை கடன் தருகிறோம் என்று நிற்கும் கடைகள் 100 டொலருக்கு 14 டொலர் வரை எடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு 14 என்றால் வருடத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மாமாவின் கடனை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மாதாமாதம் 100 டொலரை அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்தோம். வட்டி இல்லைதான். ஆனால் நாங்கள் புதுச் சட்டை போட்டால் அவருக்கு அது தெரியும்.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழிவுச் சீட்டு நம் ஆட்களுக்கு வங்கி மாதிரி. 20 பேர், மாதம் 500 டொலர். சேரும் 10,000 டொலரை மாதம் ஒருவர், கூடக் கழிவு விடுபவர், எடுப்பார். அவசரத்துக்கு மூன்றாம் மாதத்திலேயே 2,000 டொலர் கழித்து எடுத்தால் கையில் வருவது 8,000. அந்த 2,000தான் உங்கள் வட்டி. அதை வருடக் கணக்காக மாற்றிப் பார்த்தால் சிலவேளை வங்கிக் கடனே மலிவு. கடைசி மாதம்வரை பொறுத்து எடுப்பவருக்கு இலாபம் உண்டு, சீட்டை நடத்துபவர் ஊரில் இருந்தால். எங்கள் சீட்டை நடத்தியவர் ஒருநாள் போன் எடுக்காமல் விட்டார். 3,500 டொலர் போனது. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, வீட்டுக் கதைக்கு வருவோம்.

நாங்கள் வாங்கியது 3,38,000 டொலருக்கு ஒரு செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. பத்து வீதம் முற்பணம். முற்பணம் 20 வீதத்துக்குக் குறைந்தால் மோர்ட்கேஜுக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். அந்தக் கட்டணம் கடனோடு சேர்ந்துவிடும், அதற்கும் 25 வருடம் வட்டி கட்டுவீர்கள். எங்கள் காலத்தில் பத்து வீத முற்பணத்துக்கு அது 2 வீதம், இப்போது 3.1. ஐந்து வீதம் மட்டும் போட்டால் 4. ஒன்டாரியோவில் அந்தக் கட்டணத்துக்கு 8 வீத மாகாண வரியும் உண்டு. அது கடனில் சேராது, வீடு கை மாறும் அன்று உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் போகும். ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் காணி மாற்று வரி மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று இரண்டு. பக்கத்து நகரங்களான மார்க்கத்திலோ அஜாக்ஸிலோ ஒன்றுதான். முதல் வீடு வாங்குபவர்களுக்கு இரண்டிலும் கழிவு உண்டு, வழக்கறிஞரிடம் கேட்டு எடுங்கள்.

புதிதாக வந்த பலர் குழம்பும் இடம் ஒன்று. "ஐந்து வருட மோர்ட்கேஜ்" என்றால் ஐந்து வருடத்தில் கடன் முடியும் என்று அர்த்தம் இல்லை. அந்த வட்டிவீதமும் ஒப்பந்தமும் மட்டும்தான் ஐந்து வருடத்துக்கு. கடன் 25 வருடத்துக்குப் பரப்பிப் போட்டிருப்பார்கள். ஐந்து வருடம் முடிய மிச்சக் கடனுக்குப் புது ஒப்பந்தம் போட வேண்டும்.

இன்றைய அளவில் ஒரு கணக்குப் பார்ப்போம். 5,00,000 டொலர் கடன், 5 வீதம் நிலையான வட்டி, 25 வருடம். மாதத் தவணை ஏறத்தாழ 2,908 டொலர். முதல் தவணையில் வட்டி 2,062. அசலில் குறைவது வெறும் 846. ஐந்து வருடம் ஒன்றும் தவறாமல் கட்டுகிறீர்கள், மொத்தம் 1,74,000 டொலருக்கு மேல். கடன் எவ்வளவு குறைந்திருக்கும்? 57,000 சொச்சம். மற்றதெல்லாம் வட்டி. ஆகவே மேலதிகமாகப் போடும் காசை ஆரம்ப வருடங்களில் போட வேண்டும். இருபதாம் வருடத்தில் போடும் 1,000 டொலருக்கும் இரண்டாம் வருடத்தில் போடும் 1,000 டொலருக்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை.

இங்கே பெரும்பாலான வேலைகளில் சம்பளம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. வருடத்தில் 26 சம்பளம், அதாவது இரண்டு மாதங்களில் மூன்றாவது சம்பளம் ஒன்று வரும். அந்த மூன்றாவது சம்பளம் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. மாதத் தவணையில் பாதியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுக்கும்படி வங்கியிடம் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அக்சிலரேட்டட் பைவீக்லி'. அந்த 'அக்சிலரேட்டட்' என்ற சொல் முக்கியம். வெறும் பைவீக்லி என்றால் வருடத் தொகையை 26ஆகப் பிரித்துவிடுவார்கள், பெரிதாக ஒன்றும் மாறாது. சரியானதை எடுத்தால் வருடத்தில் ஒரு மாதத் தவணை தானாகக் கூடக் கட்டுப்படும். மேலே சொன்ன கடன், வட்டி மாறாமல் இருந்தால், 25 வருடத்துக்குப் பதில் 21 வருடமும் ஆறு மாதமும் போல முடியும். மிச்சம் ஏறத்தாழ 60,000 டொலர். நாங்கள் செய்தவற்றில் இதுதான் வலி தெரியாமல் நடந்தது.

அடுத்தது மொத்தமாகப் போடுவது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் வருடத்துக்கு ஆரம்பக் கடனில் 10 முதல் 20 வீதம் வரை தண்டம் இல்லாமல் கட்டலாம். அந்த வருடம் பயன்படுத்தாவிட்டால் பொதுவாக அடுத்த வருடத்துக்குச் சேராது. 20 வீதம் யார் கட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், 500 டொலரும் கட்டலாம். நாங்கள் வரித் திருப்பிக் காசையும் ஓவர்டைம் காசையும் ஏப்ரல், மே மாதங்களில் போடுவோம். மனைவி ஒவ்வொரு முறையும் புது மீதியைக் கொப்பியில் எழுதி, பழையதன் மேல் ஒரு கோடு கீறுவார். அந்தக் கோடு கீறுவதற்காகவே சில வருடம் உணவகம் போகாமல் இருந்திருக்கிறோம் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது 2015. முதல் ஐந்து வருடம் முடிந்து புதுப்பித்தபோது வட்டி இறங்கியிருந்தது. வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் புதுத் தவணை பழையதைவிடக் குறைவாக இருந்தது. நாங்கள் பழைய தவணையையே கட்டுகிறோம் என்று சொன்னோம். "குறைச்சுத் தாறம் எண்டுறம், வேண்டாமெண்டுறியள்" என்று அங்கே இருந்த தமிழ்ப் பிள்ளை சிரித்தது. அந்த வித்தியாசம் முழுவதும் அசலுக்குப் போனது. 2020இலும் அப்படியே செய்தோம். புதுப்பிக்கும் கடிதம் வந்ததும் அதில் உள்ள வட்டிக்குக் கையெழுத்து வைத்து அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று இடங்களில் கேட்டு, அந்த எண்ணோடு உங்கள் வங்கிக்குப் போன் எடுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கும் நாளில் எவ்வளவு மொத்தமாகக் கட்டினாலும் தண்டம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்டம் என்றதும் 2013 ஞாபகம் வருகிறது. அஜாக்ஸில் பெரிய வீடு ஒன்று பார்த்து, மனத்தால் அங்கே குடியும் போய்விட்டோம். ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மிச்சம். மூன்று மாத வட்டிதானே, 2,700 டொலர் போகும் என்று நினைத்து வங்கிக்குப் போன் எடுத்தேன். 9,000க்கு மேல் சொன்னார்கள். நிலையான வட்டி ஒப்பந்தத்தை இடையில் உடைத்தால் மூன்று மாத வட்டி அல்லது வட்டி வித்தியாசக் கணக்கு (உங்கள் வட்டிக்கும் வங்கியின் அன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசம், மிச்சக் காலத்துக்கு), இரண்டில் எது கூடவோ அது. கையெழுத்து வைத்த காகிதத்தில் அது இருந்தது, நான்தான் வாசிக்கவில்லை. கோபத்தில் வீடு மாறும் எண்ணத்தையே விட்டோம். விட்டதால்தான் 2024இல் முடிந்தது.

மாறும் வட்டியில் போனால் தண்டம் பொதுவாக மூன்று மாத வட்டியோடு நிற்கும். ஆனால் அதற்கு வேறு மனம் வேண்டும். கனடா மத்திய வங்கி 2022 தொடக்கத்தில் 0.25 ஆக இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5 வீதத்துக்குக் கொண்டுபோனது. தவணை மாறாத வகை மோர்ட்கேஜ் வைத்திருந்த பலருக்கு, கட்டும் தவணை வட்டிக்கே காணாமல் கடன் ஏறத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அண்ணையும் அதில் ஒருவர். 22 வருடம் மிச்சம் இருந்த கடன் அறிக்கையில் நாற்பதுக்கு மேல் காட்டியதாம்.

இதற்காக எல்லாக் காசையும் மோர்ட்கேஜில் கொட்டவும் வேண்டாம். வேலையிடம் ஓய்வூதியக் கணக்கில் நீங்கள் போடுவதற்குச் சமமாகப் போடுகிறதென்றால் அதை முதலில் பயன்படுத்துங்கள். பிள்ளைகளின் படிப்புக் கணக்கான ஆர்.ஈ.எஸ்.பி.யில் வருடம் 2,500 டொலர் போட்டால் அரசு 500 தருகிறது. எந்த மோர்ட்கேஜ் வட்டியும் 20 வீதம் இல்லை. மூன்று மாதச் செலவுக்கான காசையும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டி.எஃப்.எஸ்.ஏ.யில் வைத்திருங்கள். மோர்ட்கேஜில் போட்ட காசை, வேலை போன மாதத்தில் திருப்பிக் கேட்டால் தரமாட்டார்கள்.

திருப்பித் தரும் ஒரு வழி இருக்கிறது, அதுதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. வீட்டை ஈடு வைத்துத் தரும் லைன் ஒஃப் கிரெடிட். 2016இல் மகளின் சாமத்திய வீடு. 80 பேரோடு வீட்டில் செய்வோம் என்றுதான் தொடங்கினோம். மாமி ஒரு பட்டியல், மச்சாள் ஒரு பட்டியல், கடைசியில் மண்டபம், 300 பேர், வீடியோக்காரர். 12,000 டொலர் அந்த லைனில் எடுத்தோம். மாதம் வட்டியை மட்டும் கட்டினால் போதும் என்பதால் ஒரு வருடம் அசலைத் தொடவே இல்லை. கட்டி முடிக்க மூன்று வருடம். மகளுக்கு அந்த நாளில் ஞாபகம் இருப்பது செருப்புக் கடித்தது மட்டும்தானாம்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடுவதுதான் நம் ஆட்களின் பெரிய பலம், எங்களுக்கும் அப்படித்தான். வாடகையின் பெரும்பகுதி நேரே மோர்ட்கேஜுக்குப் போனது. ஆனால் நகராட்சி அனுமதியோடு, தீ விபத்தில் வெளியேற வழியோடு செய்யுங்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் சொல்லுங்கள், சொல்லாமல் விட்டால் தண்ணீர் புகுந்த நாளில் கையை விரிப்பார்கள். வாடகையை வரியில் காட்டுங்கள். அப்போது அந்தப் பங்குக்கான மோர்ட்கேஜ் வட்டி, மின்சாரம், நகராட்சி வரி எல்லாவற்றையும் செலவாகக் கழிக்கலாம். காசாக வாங்கி மறைக்கச் சொல்லும் நண்பர், வரி அலுவலகக் கடிதம் வரும்போது உங்களோடு வரமாட்டார்.

கடைசித் தவணை கட்டிய அன்று பட்டாசு எதுவும் வெடிக்கவில்லை. இரண்டு வேலை மிச்சம் இருந்தது. ஒன்று, காணிப் பதிவில் வீட்டின் மேல் உள்ள வங்கியின் பெயரை நீக்குவது. தானாக நடக்கும் என்று இருக்காமல், நீக்கியாகிவிட்டதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். மற்றது நகராட்சி வரி. 14 வருடமாக வங்கிதான் தவணையோடு சேர்த்து எடுத்துக் கட்டியது, அது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து மேசையில் போட்டுவிட்டேன். பிந்திய தவணைக்குத் தண்டம் வந்தது. மனைவி அந்தத் தண்டத்தையும் கொப்பியில் எழுதி, யாருக்கு என்ற நிரலில் என் பெயரைப் போட்டிருக்கிறார். இன்னும் கோடு கீறவில்லை.