துவரைப் பூவில் கொப்புள வண்டு: கையில் படாமல் பிடிக்க

எங்கள் துவரை பூத்ததும் கருப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட இந்த வண்டுகள் வந்துவிடும். பூவையே தின்பதால் காய் பிடிக்காது. வெயில் ஏறும் முன் போங்கள், மந்தமாக இருக்கும். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை கட்டாயம். சோப்புத் தண்ணீர் வாளியை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் உள்ளே விழும். மருந்தடிக்க எனக்கு மனமில்லை. ஏனென்றால் இந்த வண்டின் புழு வெட்டுக்கிளி முட்டையைத் தின்கிறது.

கழுத்தில் உட்கார்ந்தால் அடிக்காதீர்கள், இலையால் தள்ளிவிடுங்கள். அழுத்தினாலே கால் மூட்டில் மஞ்சளாகத் திரவம் கசியும். அதிலுள்ள காந்தாரிடின் என்ற நஞ்சுதான் தோலைப் பொத்துப்போக வைக்கிறது. பட்டுவிட்டால் எரியாவிட்டாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் சில மணி நேரம் கழித்துத்தான் எழும். அதை உடைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், பிடித்ததைத் தீவனத்துக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள். செத்த வண்டிலும் நஞ்சு இருக்கும்.