காலாப்பட்டு கேம்பஸ்ல பறவை பாக்குறவங்க பண்ற தப்பு (எல்லாம் நான் பண்ணதுதான்)

போன ஞாயித்துக்கிழமை பாண்டி யுனிவர்சிட்டி காட்டுக்குள்ள புதுசா பைனாகுலர் வாங்கின நாலு பசங்களோட நடந்தேன், ஒவ்வொருத்தனும் நான் ஆரம்பத்துல அடிச்ச கூத்த அப்படியே அடிக்கிறான். சத்தம் போடாத, சிவப்பு சட்டை போடாதன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அத விட்டுடறேன்.

பைனாகுலர்

8×42 (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) போதும். பெரிய ஜூம் வாங்கிட்டு கை ஆடுதுன்னு என்கிட்ட வராதீங்க.

போன்ல சத்தம் போட்டு பறவைய கூப்பிடுறது

ஆறுமணிக்குருவி அக்டோபர் வாக்குல வந்துடும். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு ராத்திரியில பறந்து நம்ம பக்கம் வர்றது, வந்த களைப்புல சில சமயம் வீட்டு வராண்டாலயே விழுந்து கிடக்கும், "இது என்ன கலர் கிளி"ன்னு யாராவது போட்டோ அனுப்புவாங்க. விடியக்காலையும் பொழுது சாயுறப்பவும்தான் விசில் அடிக்கும், பேரே அதனாலதான். மத்த நேரம் புதருக்கடியில சருக புரட்டி புழு தேடிட்டு இருக்கும், கண்ணுலயே படாது.

எனக்கு பொறுமை இல்ல. போன்ல அதோட விசில ஃபுல் வால்யூம்ல வெச்சேன். ரெண்டே நிமிஷம், வந்துடுச்சு. பச்சை முதுகு, மொட்டை வாலுக்கு அடியில சிவப்பு, மார நிமித்தி நிக்குது. நானும் கிளிக் கிளிக்னு எடுக்குறேன், விசில நிறுத்தவே இல்ல. அரை மணி நேரம் அது ஒரு சருகக்கூட புரட்டல, தன் எடத்துக்கு இன்னொருத்தன் வந்துட்டான்னு நெனச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித் தாவி தேடுது. கடைசில தார் ரோட்டு ஓரத்துக்கே வந்துடுச்சு, பத்தடி தள்ளி நாய் படுத்திருக்கு. அப்பதான் ஆஃப் பண்ணேன். நாய் அசையல. ஆனா மறுநாள் அந்தப் புதர்ல விசில் இல்ல, அந்த சீசன் முழுக்க இல்ல. வேற காரணமாக்கூட இருக்கலாம், எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

இப்ப என்னடான்னா ஒரு தம்பி பைல இருந்து புளூடூத் ஸ்பீக்கரே எடுக்குறான். "ரெண்டே தடவதாண்ணே." கேம்பஸ் 800 ஏக்கர் பக்கம் இருந்தாலும் எல்லாரும் போய் நிக்கிறது அதே புதர்தான், நீ ரெண்டு தடவ, பின்னாடி வர்றவன் ரெண்டு தடவ, அது எப்படா சாப்பிடும்? ஸ்பீக்கர வாங்கி என் பைல போட்டுக்கிட்டேன், ஈசிஆர் கேட்டுக்கு வந்துதான் குடுத்தேன். மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டான், பரவால்ல. அஞ்சே முக்காலுக்கு வந்து ஒரு எடத்துல பேசாம உக்காருங்க, அதுவே கத்தும்.

ஆப் சொல்றத அப்படியே ஏத்துறது

சத்தத்த கேட்டு பறவை பேர் சொல்ற மெர்லின் ஆப்ல வல்லூறுன்னு (சின்ன பருந்து மாதிரி வேட்டைப் பறவை) காட்டினா முதல்ல தலைய தூக்கி பாருங்க, கரிச்சான் அதே மாதிரி கத்தி ஏமாத்தும். பொங்கல் சமயத்துல நடக்குற பறவை கணக்கெடுப்புல பாக்காத வல்லூற லிஸ்ட்ல ஏத்திட்டு அப்புறம் அழிச்சவன் நான்.

புள்ளி போட்ட பிரவுன் பறவை

பொட்டக் குயில். அபூர்வம்லாம் இல்ல.

கூடு

கிட்ட போகாதீங்க. முட்டைய திருட நீங்க எங்க குனியுறீங்கன்னு காக்கா பாத்துட்டு இருக்கு.